பழி சுமந்த எழுத்துகள்

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரை ஒட்டிய செர்ன் ஆய்வு மையத்தில் 2012ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4ஆம் நாள் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. 1964ஆம் ஆண்டில் தாளில் கணித்துச் சொல்லப்பட்ட ஹிக்ஸ் போசானை ஒத்த புதிய துகள் ஒன்று கண்டறியப்பட்டது என்பதே அவ்வறிவிப்பு. அத்துகளைக் கணித்தவர்களுள் ஒருவரான பீட்டர் ஹிக்ஸ் அரங்கில் அமர்ந்தவாறே கண் கலங்கினார். அட்லஸ் ஆய்வுக்குழுவின் சார்பில் சான்றுகளை எடுத்துரைத்தவர் இத்தாலிய இயற்பியலாளர் ஃபேபியோலா ஜியானோட்டி. ஆயிரக்கணக்கான அறிவியலாளர்களின் பல்லாண்டு உழைப்பு அவர் திரையில் காட்டிய பக்கங்களில் அடங்கியிருந்தது. உலகெங்கும் அந்நிகழ்வைக் கண்டவர்களுள் ஒரு சாரார் துகளைப் பற்றிப் பேசவில்லை. அப்பக்கங்கள் எந்த எழுத்துருவில் அமைந்திருந்தன என்பதைச் சுட்டிக்காட்டி நகைத்தனர். அவ்வெழுத்துருவின் பெயர் காமிக் சான்ஸ்.

மொழியை எழுதும் வரிவடிவம் வேறு. அவ்வரிவடிவத்திற்கு அச்சிலும் திரையிலும் தரப்படும் தோற்றம் வேறு. இத்தோற்றமே எழுத்துரு எனப்படுகிறது. ஒரே சொல்லைப் பல எழுத்துருக்களில் அமைக்கலாம், பொருள் மாறாது. எனினும், வடிவமைப்பாளர்களிடையே சில எழுத்துருக்கள் தலையில் வைத்துக் கொண்டாடப்படுகின்றன. சில தீண்டத்தகாதவைபோல் ஒதுக்கப்படுகின்றன. ஒதுக்கப்பட்டவற்றின் குற்றம் அவற்றின் வடிவில் இருக்கிறதா, அன்றி அவை நின்ற இடத்திலும் சேர்ந்த கூட்டத்திலும் இருக்கிறதா என்று ஆராய்ந்தால், தீர்ப்புகளுள் பல வடிவைப் பார்த்து எழுதப்பட்டவையல்ல என்பது விளங்கும்.

நாய் பேசிய எழுத்து

1994ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், கணினியைக் கண்டு தயங்கும் புதியவர்களுக்காக ‘பாப்’ என்னும் மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதில் வரும் கேலிச்சித்திர நாய் ஒன்று, பயனருக்கு வழிகாட்டிப் பேசும். படக்கதைகளில் வருவதுபோல் அதன் பேச்சு ஒரு குமிழுக்குள் தோன்றும். அந்நிறுவனத்தின் எழுத்துருப் பிரிவில் பணியாற்றிய வின்சென்ட் கொனேர் அம்மென்பொருளின் முன்வடிவைப் பார்த்தார். நாயின் பேச்சு டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் இருந்தது. அவ்வெழுத்துரு 1932ஆம் ஆண்டில் இலண்டனின் ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்காக ஆக்கப்பட்டது. தலையங்கத்திற்கும் சட்ட ஆவணத்திற்கும் ஏற்றது. துள்ளி வரும் நாய்க்குட்டி நீதிபதியின் குரலில் பேசினால் எப்படியிருக்குமோ, அப்படி இருந்தது அக்காட்சி.

கொனேர் தம் அலுவலகத்திலிருந்த படக்கதை நூல்களைப் புரட்டினார். அவற்றில் கையால் எழுதப்பட்டிருந்த எழுத்துகளின் போக்கை உள்வாங்கிக்கொண்டு, கணினியிலேயே புதிய எழுத்துகளை வரைந்தார். எழுத்தின் முனைகளில் சிறு கோடுகள் இல்லை. கோணங்கள் கூர்மையாக இல்லை. குழந்தைக்கு ஆசிரியர் பலகையில் எழுதிக்காட்டும் எழுத்தைப் போல் ஒவ்வொன்றும் சற்றே சாய்ந்தும் நெளிந்தும் நின்றது. ஆனால், பாப் மென்பொருளின் குமிழ்கள் யாவும் பழைய எழுத்துருவின் அளவுக்கேற்ப முன்னரே வரையப்பட்டுவிட்டன. புதிய எழுத்துகள் அவற்றுள் அடங்கவில்லை. ஆகவே, எந்த நாய்க்காக அவ்வெழுத்துரு பிறந்ததோ அந்த நாய் அதில் ஒருமுறைகூடப் பேசாமலே போயிற்று. பின்னர் அது விண்டோஸ் 95 இயங்குதளத்தின் கூடுதல் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, நாளடைவில் இயங்குதளத்துடனேயே வரலாயிற்று.

இந்தச் சேர்க்கைதான் அதன் புகழுக்கும் பழிக்கும் வித்து. அதற்குமுன் எழுத்துருவைத் தெரிந்தெடுக்கும் உரிமை அச்சுக்கோப்பவரிடமும் வடிவமைப்பாளரிடமும் மட்டுமே இருந்தது. கணினி அந்த உரிமையை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. பட்டியலைத் திறந்த ஒருவர், முகம் இறுகிய எழுத்துருக்களின் நடுவே புன்னகைக்கும் எழுத்துரு ஒன்றைக் கண்டார், அதையே எடுத்துக்கொண்டார். பிறந்தநாள் அழைப்பிதழ், தொடக்கப்பள்ளியின் சுவரொட்டி, தெருமுனைக் கடையின் விலைப்பட்டியல் என்று அது பரவியது. அங்கெல்லாம் பொருந்தியும் இருந்தது. ஆனால், அது அத்துடன் நிற்கவில்லை. எச்சரிக்கைப் பலகையிலும் மருத்துவமனை அறிவிப்பிலும் இரங்கல் செய்தியிலும் ஏறியது. 2010ஆம் ஆண்டில் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாந்து அணியைவிட்டு நீங்கியபோது, அணியின் உரிமையாளர் கடுஞ்சினத்துடன் ஒரு திறந்த மடல் வெளியிட்டார். அம்மடல் காமிக் சான்ஸில் இருந்தது. சினந்தவரின் சொற்களைவிட எழுத்துருவே மிகுதியும் பேசப்பட்டது, கோபம் வேடிக்கையாயிற்று.

இதற்குள், இவ்வெழுத்துருவைத் தடை செய்யவேண்டும் என்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரைச் சேர்ந்த வடிவமைப்பாளர் இணையர் தொடங்கிய இயக்கம் பரவலாக அறியப்பட்டிருந்தது. விளையாட்டாகத் தொடங்கியதுதான் அது. ஆயினும், ஓர் எழுத்துருவை வெறுப்பதே வடிவமைப்பு அறிவின் அடையாளம் என்னும் எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியது.

வடிவமைப்பாளர் கூறும் குறைகளில் உண்மையில்லை என்று தள்ளிவிடவும் இயலாது. நல்லதோர் எழுத்துருவில் கோடுகளின் கனமும், எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையிலான வெளியும் நுட்பமாக நிறுக்கப்பட்டிருக்கும். ஒரு பத்தியைச் சற்று எட்ட வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத் துணிபோல் ஒரே சீராகத் தோன்றவேண்டும் என்பர் அத்துறையினர். காமிக் சான்ஸ் பத்தியில் அச்சீர்மை இல்லை. சில இடங்கள் அடர்ந்தும் சில இடங்கள் வெளிறியும் தெரிகின்றன. ஆனால், அது எக்காலத்திற்காக ஆக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். 1990களின் கணினித் திரையில் ஓர் எழுத்தைக் காட்டச் சில படப்புள்ளிகளே கிடைத்தன. அத்திரையில் அது தெளிவாகவே நின்றது. அதனைப் பெரிதாக்கிப் பலகையில் ஏற்றியபோதுதான் குறைகள் பல்லிளித்தன. ஐகியா நிறுவனம் 2009ஆம் ஆண்டில் தன் விளம்பரங்களில் ஃபியூச்சுரா எழுத்துருவின் வழிவந்த தன் பழைய எழுத்துருவைக் கைவிட்டு வெர்டானாவைக் கைக்கொண்டபோது எழுந்த எதிர்ப்பும் இத்தகையதே. மேத்யூ கார்ட்டர் வடித்த வெர்டானா, சிறிய திரை எழுத்துக்கென்றே ஆக்கப்பட்ட அரிய படைப்பு. அதைச் சாலையோரப் பெரும்பலகையில் நிறுத்தியது வடித்தவரின் பிழையன்று.

கண்ணெரிச்சலின் காரணம்

எழுத்துருவின் மீதான வெறுப்பு கணினிக் காலத்தில் பிறந்ததன்று. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வாழ்ந்த ஜான் பாஸ்கர்வில் (1706–1775) எழுத்துப் பயிற்சி ஆசிரியராகத் தொழில் தொடங்கி, பொருள்களுக்கு அரக்குப் பூச்சு இடும் தொழிலில் செல்வம் சேர்த்தவர். நடுவயதில் அச்சுக்கலையில் இறங்கினார். எழுத்தை மட்டும் மாற்றி அவர் அமைதியுறவில்லை. கருமை மிகுந்த மையைத் தாமே காய்ச்சினார். வழவழப்பான தாளை நாடினார். அச்சிட்ட தாள்களைச் சூடேற்றிய தகடுகளுக்கிடையே அழுத்தி மெருகூட்டினார். அவருடைய எழுத்துகளில் தடித்த கோடு நன்கு தடித்தும் மெல்லிய கோடு மிக மெலிந்தும் நின்றன. 1757ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இலத்தீன் கவிஞர் வெர்ஜிலின் நூல் ஐரோப்பாவெங்கும் பெயர் பெற்றது. உள்நாட்டிலோ, அவ்வெழுத்து கண்ணைக் கெடுக்கும் என்ற பேச்சுக் கிளம்பிற்று.

அமெரிக்க விடுதலைத் தலைவர்களுள் ஒருவரான பெஞ்சமின் பிராங்ளின் அடிப்படையில் ஓர் அச்சுத் தொழிலாளர். இலண்டனில் தங்கியிருந்த அவர், 1760ஆம் ஆண்டில் பாஸ்கர்வில்லுக்கு ஒரு மடல் எழுதினார். நண்பர் ஒருவர் அவரிடம், பாஸ்கர்வில் இந்நாட்டு வாசகர் அனைவரையும் குருடாக்கிவிடுவார் என்று குறைகூறியிருந்தார். மெல்லிய கோடுகள் கண்ணை உறுத்துகின்றன என்பது அவர் வாதம். அந்நாளில் இங்கிலாந்து முழுதும் பழகிப்போன எழுத்து வில்லியம் காஸ்லன் என்பவர் வார்த்தது. பிராங்ளின் ஒரு சூழ்ச்சி செய்தார். காஸ்லனின் எழுத்து மாதிரித் தாளை எடுத்து, பெயர் இருந்த மேற்பகுதியைக் கிழித்துவிட்டு, “இதோ பாஸ்கர்வில்லின் எழுத்து, குறைகளைக் காட்டுங்கள்” என்னும் பொருள்பட அந்நண்பரிடம் நீட்டினார். நண்பர் எழுத்தெழுத்தாகக் குறை கண்டார். எங்கெங்கே அளவு பிறழ்ந்திருக்கிறது என்று விரல் வைத்துச் சுட்டினார். அத்தாளை வாசிக்கும்போதே கண் வலிக்கிறது என்றும் கூறினார். அவர் வாழ்நாளெல்லாம் வலியின்றி வாசித்துவந்த எழுத்து அது. பிராங்ளின் உண்மையைச் சொல்லி அவரை நாணச் செய்யவில்லை.

அந்நண்பர் பொய் சொன்னார் என்று கொள்ளவேண்டியதில்லை. வலி அவருக்கு உண்மையாகவே தோன்றியிருக்கலாம். பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே கண் தன் தீர்ப்பை எழுதிவிட்டது. காரணங்களை அறிவு பின்னர்த் தேடிக்கொண்டது. இன்று காமிக் சான்ஸைக் கண்டதும் முகம் சுளிப்போருள் எத்தனை பேர், பெயரைக் கிழித்துவிட்டு நீட்டினால் அதே குறைகளைக் காண்பர் என்பது ஐயத்திற்குரியது.

பாஸ்கர்வில் மறைந்தபின் அவருடைய எழுத்து அச்சுகளை அவர் மனைவி விற்றுவிட, அவை பிரான்சு நாட்டு எழுத்தாளர் பொமார்ஷேயின் கைக்குச் சென்றன. வால்டேரின் படைப்புகளை அச்சிடப் பயன்பட்டன. பின்னர் ஏறத்தாழ நூறாண்டுகள் அவ்வெழுத்தைப் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. 1920களில் அச்சு நிறுவனங்கள் அதற்குப் புத்துயிர் அளித்தன. இன்று ஆங்கில நூல்களை அழகுறப் பதிப்பிக்க விரும்புவோர் நாடும் எழுத்துருக்களுள் அதுவும் ஒன்று. 1996இல் சுசானா லிக்கோ என்னும் வடிவமைப்பாளர் அதன் வழியில் ஒரு புதிய எழுத்துருவைப் படைத்தார். பாஸ்கர்வில்லின் வீட்டை நிருவகிக்க வந்து, பின்னர் அவருக்கு மனைவியான சாரா ஈவ்ஸின் நினைவாக ‘மிசஸ் ஈவ்ஸ்’ என்று அதற்குப் பெயரிட்டார். எந்த எழுத்தை ஒருவர் மிகுதியாக வாசிக்கிறாரோ அதுவே அவருக்கு எளிதில் வாசிக்கத்தக்க எழுத்தாகிறது என்பது லிக்கோவின் கருத்து. பாஸ்கர்வில்லின் எழுத்து மாறவில்லை. வாசகரின் கண் பழகிக்கொண்டது.

பெரியவீட்டுப் பிள்ளையும் மறுபதிப்பும்

பழக்கம் விருப்பத்தை வளர்க்கிறது என்றால், மிகுந்த பழக்கம் சலிப்பையும் வளர்க்கிறது. இதற்கு ஹெல்வெட்டிகாவைவிடச் சிறந்த சான்று இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகிலிருந்த ஹாஸ் எழுத்து வார்ப்பகத்தில் எட்வர்ட் ஹாஃப்மனின் வழிகாட்டுதலில் மாக்ஸ் மீடிங்கர் 1957ஆம் ஆண்டில் அதனை வரைந்தார். பிற நாடுகளில் விற்பதற்காக 1960இல், சுவிட்சர்லாந்தைக் குறிக்கும் இலத்தீன் பெயரையொட்டி ஹெல்வெட்டிகா எனப் பெயர் மாற்றப்பட்டது. போரின் சிதைவிலிருந்து எழுந்த ஐரோப்பா, எந்தக் கொள்கையின் நெடியும் எந்த நாட்டின் பெருமிதமும் வீசாத, அமைதியான ஓர் எழுத்தை விரும்பிற்று. பெருநிறுவனங்கள் தங்கள் பெயர்களை அதில் எழுதின. நியூயார்க் சுரங்க இரயிலின் வழிகாட்டிப் பலகைகளில் 1989இல் அது முறையான எழுத்துரு ஆயிற்று. எங்கும் நிறைந்ததனாலேயே அதனைப் பெருவணிகத்தின் முகம் என்று வெறுத்தவர்களும் தோன்றினர். ஆயினும், அவ்வெறுப்பில் மரியாதை கலந்திருந்தது. ஹெல்வெட்டிகாவை எவரும் எள்ளி நகையாடவில்லை.

ஏரியலுக்கு அம்மரியாதையும் கிடைக்கவில்லை. 1982இல் மோனோடைப் நிறுவனத்தின் ராபின் நிக்கலசும் பட்ரீசியா சாண்டர்சும் அச்சுப்பொறிகளுக்காக அதனை வடித்தனர். அதன் எழுத்துகளின் அகலம் ஹெல்வெட்டிகாவின் அகலத்தோடு ஒத்திருந்தது. ஆகவே, ஒன்றில் அமைத்த பக்கத்தை மற்றொன்றுக்கு மாற்றினாலும் வரிகள் குலைவதில்லை. 1992இல் விண்டோஸ் 3.1 இயங்குதளத்தோடு சேர்ந்து அது உலகெங்கும் சென்றது. ஹெல்வெட்டிகாவின் ‘ஆர்’ என்னும் ஆங்கிலப் பேரெழுத்தின் கால் ஏறத்தாழ நேராக இறங்கும்; ஏரியலின் கால் சாய்ந்து நீளும். சிறிய ‘டி’யின் உச்சி முன்னதில் மட்டமாகவும் பின்னதில் சரிவாகவும் வெட்டப்பட்டிருக்கும். பொது வாசகரிடம் இரண்டையும் நீட்டினால் வேறுபாடு காண்பது அரிது. வடிவமைப்பாளர் உடனே காண்பார். கண்டதும் ‘போலி’ என்பார். உண்மையில் ஏரியலின் வடிவங்கள் மோனோடைப்பின் பழைய எழுத்துரு ஒன்றின் வழிவந்தவை. எனினும், ஒன்றைப் பெரியவீட்டுப் பிள்ளையாகவும் மற்றொன்றை வேற்றாளாகவும் பார்க்கும் பார்வை மாறவில்லை. இங்கே எடைபோடப்படுவது எழுத்தன்று, குலம்.

எழுத்தின் குலம் பார்க்கும் பழக்கம் எதுவரை செல்லக்கூடும் என்பதற்கு ஜெர்மனியின் வரலாற்றில் ஒரு கசப்பான சான்று உண்டு. கோணங்கள் முறிந்த கறுத்த எழுத்துகளில் நூல்களை அச்சிடுவது அந்நாட்டின் பல நூற்றாண்டு மரபு. ஹிட்லரின் ஆட்சி முதலில் அதனைத் தூய ஜெர்மானிய எழுத்து என்று போற்றியது. 1941ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், மார்ட்டின் போர்மன் ஒப்பமிட்ட சுற்றறிக்கை அவ்வெழுத்துகளை யூதர்களின் எழுத்துகள் என்று கூறி விலக்கிற்று. கூற்றில் உண்மை சிறிதும் இல்லை. அச்சுற்றறிக்கைத் தாளின் தலைப்பே அவ்வகை எழுத்தில்தான் அச்சிடப்பட்டிருந்தது. ஆட்சி வீழ்ந்தபின்னரும் அவ்வெழுத்துக்கு விடிவு வரவில்லை. அதைக் கண்டதும் ஹிட்லரின் ஆட்சியை நினைப்போர் இன்றும் பலர். தன்னை விலக்கியவனின் பழியையும் அதுவே சுமக்கிறது.

வாசிப்பவர் யார்?

1930ஆம் ஆண்டில் இலண்டனில் ஆற்றிய உரையொன்றில், அச்சுக்கலை அறிஞர் பியாட்ரிஸ் வார்டு நல்ல அச்செழுத்தைப் பளிங்குக் கிண்ணத்திற்கு ஒப்பிட்டார். கிண்ணம் கண்ணில் படாமல் உள்ளிருக்கும் பானமே தெரியவேண்டும். எழுத்தும் அவ்வாறே தன்னை மறைத்துக்கொண்டு பொருளைக் காட்டவேண்டும் என்பது அவர் கொள்கை. வடிவமைப்பாளர் பலர் இதனை வேதமாகக் கொண்டவர்கள். ஆனால், நாள் முழுதும் கிண்ணங்களையே துடைத்து அடுக்குபவருக்குக் கிண்ணம் கண்ணில் படாமல் இராது. வடிவமைப்பாளரின் கண்ணுக்கு எழுத்துரு முதலில் தெரிகிறது; சொல் பின்னர்த் தெரிகிறது. எளிய வாசகருக்கு அது தலைகீழ். செர்ன் அரங்கில் அமர்ந்திருந்த இயற்பியலாளர்களுக்குத் திரையில் துகள் தெரிந்தது. நகைத்தவர்களுக்கு எழுத்துரு தெரிந்தது. வார்டு கூறிய அளவுகோலைக் கொண்டு பார்த்தாலும், அன்று கிண்ணத்தைத் தாண்டிப் பார்க்கத் தெரிந்தவர்கள் அரங்கில் இருந்தவர்களே.

காமிக் சான்ஸின் மீதான ஏளனம் வெறும் சுவை வேறுபாடாக நின்றிருந்தால் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால், அதற்கு வேறொரு விலையும் இருக்கிறது. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உடைய மாணவர்களுக்கு எழுத்துகள் ஒன்றோடொன்று நெருங்கிக் குழம்பித் தோன்றலாம். பிரித்தானிய டிஸ்லெக்சியா சங்கம் இத்தகையோருக்கு ஏற்றவையெனத் தன் வழிகாட்டியில் சுட்டும் எழுத்துருக்களுள் ஏரியலும் காமிக் சான்சும் இடம்பெறுகின்றன. எழுத்துகள் நெரிசலின்றித் தோன்றுவதை அது காரணமாகக் கூறுகிறது. வடிவமைப்பாளர்கள் இகழும் இரண்டுமே அப்பட்டியலில் இருக்கின்றன. கட்டுக்கோப்பற்ற தளர்ச்சி என்று அவர்கள் பழிப்பது, தடுமாறி வாசிக்கும் ஒரு பிள்ளைக்கு மூச்சுவிடும் வெளியாகிறது.

இதனால் காமிக் சான்ஸ் மருந்தாகிவிடாது. இத்தாலியிலும் பிரான்சிலும் டிஸ்லெக்சியா உடைய குழந்தைகளிடம் நடத்தப்பெற்று 2012இல் வெளியான ஆய்வில், எழுத்துருவை மாற்றாமல் எழுத்துகளுக்கிடையே வெளியை மட்டும் கூட்டியபோதே குழந்தைகள் விரைவாகவும் பிழை குறைவாகவும் வாசித்தனர். உதவுவது எழுத்துருவின் பெயரன்று, வெளி என்று கொள்ளவும் இடமுண்டு. ஆயினும், ஒரு பிள்ளை தனக்கு எளிதெனத் தெரிந்தெடுத்த எழுத்துருவில் கட்டுரை எழுதிக்கொண்டுவரும்போது, அதைக் கண்டு வகுப்பு நகைக்குமென்றால், அப்பிள்ளை அடுத்தமுறை வேறொன்றைத் தெரிந்தெடுக்கும். முன்னைவிட மெதுவாக வாசிக்கும். நகைத்தவர்களுக்கு அந்த இழப்பு தெரியவராது.

எழுத்துருவை ஆராய்ந்து கற்றவர்கள் அதன் குறைகளைச் சொல்லத்தான் வேண்டும். இரங்கல் அறிவிப்பு சிரிக்கக்கூடாது. எச்சரிக்கைப் பலகை கொஞ்சக்கூடாது. இது பொருத்தம் பற்றிய அறிவு; கற்பிக்கத்தக்கது. ஆனால், கற்பிக்க விரும்புபவர் “இவ்விடத்திற்கு இது பொருந்தவில்லை, ஏனெனில்” என்று தொடங்குவார். “இதைப் போயா தெரிந்தெடுத்தாய்?” என்று தொடங்குபவர் எழுத்துருவைப் பேசவில்லை, தெரிந்தெடுத்தவரைப் பேசுகிறார்.

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், தன் இணையதளத்தைக் காமிக் சான்ஸுக்கு மாற்றுவதாகச் செர்ன் அறிவித்தது. அது அந்நாளுக்குரிய விளையாட்டு. ஜியானோட்டி 2016இல் அம்மையத்தின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றார். அப்பொறுப்பை ஏற்ற முதற்பெண்மணி அவரே.